வானத்தில் ஓர் ஓட்டை போதும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் அது இருக்கிறது. ஊரில் யாரும் அதைப் புழங்கியதில்லை. ஊருக்கு அவர் வருதா. வயதில் சின்னவர்களுக்கு வருதா அண்ணன்.

காரணம் தொழில். கேபிள் டிவி வந்த காலத்திலிருந்து கூரைகளின் மேல் நின்றுகொண்டு அவர் கீழே பார்த்துக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். டிஷ்ஷுக்கு ஊரில் குடை என்று பெயர். குடையை ஒரு மயிரிழை திருப்புவார், “வருதா?” என்பார். கீழே டிவிக்கு முன்னால் நிற்பவர் வரவில்லை என்பார். இன்னொரு மயிரிழை. மறுபடி கேள்வி. தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

கீழே நிற்கிற வேலையை ஆரம்பத்தில், குடை நிற்கிற வீட்டுக்காரர்களிடமே கொடுத்துப் பார்த்தார். படம் தெரிந்ததும் அவர்கள் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். மேலே ஒரு மனுஷன் வெயிலில் நிற்பது விளம்பரம் வரும்போதுதான் நினைவுக்கு வரும். கல்யாணமான பிறகு மனைவியைத் துணைக்கு அழைத்துப்போனார். அந்த அம்மா டிவியில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. நாடி பிடிக்கிற மாதிரி பார்ப்பார். வருது, வரல, போச்சு, புள்ளி அடிக்குது. இந்த நாலு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். அவர்கள் குடும்பத்தின் முக்கியமான பேச்செல்லாம் ஒருவர் கூரையிலும் ஒருவர் கூடத்திலும் இருந்தபோது நடந்தவை. மகள் பிறக்கப்போகிற செய்தியே அப்படித்தான் வந்தது. வருதா என்று கேட்டதற்கு, “வருது. இன்னொண்ணும் வருது” என்று கீழிருந்து பதில் வந்தது. அவர் குடையை இறுக்கிவிட்டுத்தான் இறங்கினார்.

ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் மலை, மலை முடிகிற இடத்தில் மரம், மரம் முடிகிற இடத்தில் யாராவது கட்டிய மாடி. டிவிக்கான செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அந்தத் திசையில் மலைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சந்து கிடைத்தால் போதும், படம் வந்துவிடும். அந்தச் சந்து எங்கே என்று கண்டுபிடிப்பதில் வருதாவை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டணத்திலிருந்து வந்தவர்கள் கைவிட்ட வீடுகளில்கூட அவர் படம் வரவைத்திருக்கிறார். “வானம் முழுசா யாருக்குய்யா வேணும்? ஒரு ஓட்டை போதும்” என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

வீட்டுக்கு வீடு தனிக் குடை வந்ததும் கேபிள் படுத்துவிட்டது. அந்தத் தனிக் குடைகளையும் அவர்தான் பொருத்தினார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மோசமாகப் பொருத்துகிறவனை மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். இவர் பொருத்தினால் பிறகு கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது. ஒவ்வொரு வீடாக நன்றாக வேலை செய்து, ஊரிலிருந்த அத்தனை வேலையையும் அவரே தீர்த்துவிட்டார்.

பட்டணத்தில் மருமகனுக்குத் தரையில் ஒட்டும் டைல்ஸ் கிடங்கு இருக்கிறது. மாமனார் தன் பழைய கேபிள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பது அவருக்கு மனவருத்தம். நல்ல பிள்ளை. கிடங்கு வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டால் போதும், பின்னாலேயே ஓர் அறை காலியாக இருக்கிறது, அத்தையும் மகளோடு இருக்கலாம் என்று சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு நாற்காலியும் வாங்கிப் போட்டார். சுழல் நாற்காலி. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட மாமா வந்துதான் பிரிக்க வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தார்.

வருதா ஒருமுறை போய் அதில் உட்கார்ந்து பார்த்தார். நாற்காலி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மறுபடி இறங்கியது.

“எப்படி மாமா இருக்கு?”

“நல்ல நாற்காலி மாப்பிள்ளை. எறங்க மட்டும்தான் தெரியுது.”

திரும்பி வருகிற பேருந்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். மலை வளைவில் பேருந்து நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஊருக்குள் போன் எடுக்காது. ஒரு கோபுரம்கூடக் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்காது. இந்த வளைவில் மட்டும் எடுக்கும். அதனால் ஊரின் சம்பந்தப் பேச்சு, சொத்துத் தகராறு, வைத்தியர் சொன்னது எல்லாம் இங்கே சாலையோரம் நின்று சத்தமாகத்தான் நடக்கும். ரகசியம் பேச வேண்டும் என்றால் ஊருக்குள் போய்விட வேண்டும். அன்றைக்கும் சிலர் ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டு போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பால் நிலையத்துச் செயலாளர் அம்மா, யார் எவ்வளவு பால் ஊற்றினார்கள் என்கிற அன்றைய கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு காலைத் தூக்கிப் பாறைமேல் வைத்து நின்றுகொண்டிருந்தார். பாதி போய்ப் பாதியில் நின்றுவிட்டதாம். இந்த அம்மாளைப் பார்த்தபோதுதான் வருதாவுக்கு யோசனை வந்தது.

செயற்கைக்கோள் வழியாக இணையம் கொடுக்கிற கம்பெனி ஒன்று, கோபுரம் போகாத ஊர்களுக்கு உள்ளூர் ஆட்களைத் தேடுவதாக மருமகனே எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். குடைக்குப் பதிலாக வானத்தைப் பார்த்து வைக்கிற தட்டையான ஒரு பலகையை வாங்கி வைத்து, அதிலிருந்து கம்பி இழுத்து வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். கம்பிகள் அவரிடம் இருந்தன. கம்பங்கள் ஊர் முழுக்க அவர் நட்டவை. யார் வீட்டுக் கூரை எறவாணத்தில் எந்தப் பக்கம் ஆணி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். மேலேயிருந்து ஒன்று வர வேண்டும், அதைக் கீழே பிரித்துக் கொடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதானே.

கம்பெனி அவரைப் பட்டணத்தில் ஒரு குளிர்பதன அறைக்கு அழைத்துப் பாடம் நடத்தியது. கழுத்துப்பட்டை போட்ட ஓர் இளைஞர், “இது தாழப் பறக்கற செயற்கைக்கோள்” என்று ஆரம்பித்தார். வருதா ‘தாழ’ என்பதைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தில் இருக்கிறது என்றால் இன்னும் சுலபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததில் ‘பறக்கற’ என்பது காதில் விழவில்லை. திறந்த வானம் வேண்டும் என்றும் அந்த இளைஞர் சொன்னார். வானத்தை யார் மூடி வைத்திருக்கிறார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். பாடம் முடிந்ததும் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். கம்பிகளைத் தவிர மற்ற பழைய கேபிள் சாமான்களை விற்ற பணமும் சேமிப்பில் பாதியும் அதற்குப் போயிற்று.

செயலாளர் அம்மா எதற்கும் தலையை ஆட்டிவிடுகிறவர் அல்ல. மாதக் கடைசியில் பால் ஊற்றுகிறவர்களின் கூட்டம் நடக்கும். அதுவரைக்கும் பால் நிலையத்தில் வைத்துப் பார்க்கலாம், நின்றால் எடுத்துக்கொள்ளலாம், நிற்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்றார். பால் நிலையம் எடுத்தால் ஊர் எடுக்கும். பால் நிலையம் வேண்டாம் என்றால் ஊரில் யாரும் தொட மாட்டார்கள். வருதாவின் மனைவி அன்றைக்கே பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். கேட்டதற்கு, “எதுக்கும் இருக்கட்டும். கூட்டம் முடிஞ்சதும் ஒண்ணு இதைப் பரண்ல ஏத்தணும், இல்ல பஸ்ஸுல ஏத்தணும்” என்றார்.

பால் நிலையத்தின் ஓட்டுக் கூரைக்கு ஒரு பக்கம் பெரிய ஆலமரம். மறுபக்கம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி, நாலு தூண் மேல். இரண்டுக்கும் நடுவில் வருதா முன்னொரு காலத்தில் குடை வைத்து, கடைசி வரை புள்ளிகூட அடிக்காமல் ஓடிய பழைய இரும்புக்கால் அப்படியே இருந்தது. பலகையை அதிலேயே முடுக்கினார். அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இலைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் துப்புரவாக ஒரு துண்டு வானம். வானம் மறைகிற இடத்தைச் சிவப்பாகக் காட்டும் என்று சொல்லிக் கம்பெனிக்காரர்கள் போனில் கொடுத்த படத்தில் அந்த இடம் முழுக்கச் சிவப்பாகத்தான் காட்டியது. கம்பெனிக்காரன் எதற்கும் பயப்படுவான் என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

வந்தது. பால் கணக்கு பாறைமேல் ஏறாமலே தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தது. செயலாளர் அம்மா ஒரு டம்ளர் பால் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது. டம்ளரை வைப்பதற்குள் வந்தது. அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். கொஞ்ச நேரம் இருக்கும், கொஞ்ச நேரம் போகும். விருந்தாளி மாதிரி.

வருதா ஏறினார். திருகாணிகளை இறுக்கினார். காற்றில் ஆடுகிறது என்று இழுவைக் கம்பி கட்டினார். மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் திருப்பினார். தெருவெல்லாம் பழைய கேள்வி ஒலித்தது. பால் ஊற்ற வந்தவர்கள் மேலே பார்த்துவிட்டு, “அண்ணே, இன்னும் வரலையா? நாங்க வளைவுக்கே போயிட்டு வந்துடறோம்” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மருமகன் வளைவுக்குப் போன் செய்து, அங்கே நின்றிருந்த யாரிடமோ, அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, மாமாவிடம் சொல்லிவிடுங்கள் என்று சொன்னார். அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் மாமாவிடம் வந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை. பால் வண்டி போன பிறகு, மனைவி கீழே போனை வைத்துக்கொண்டு நின்றார். வருதா மேலே இருந்தார். வழக்கமான கேள்வியையும் விட்டுவிட்டார். திருப்ப வேண்டிய திசையெல்லாம் திருப்பியாகிவிட்டது. ஓட்டின் மேல் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் கட்டிக்கொண்டார்.

“போச்சு” என்று கீழிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, “வருது.” பிறகு, “போச்சு. அதைத் தொடாதீங்க.”

“நான் எங்க தொட்டேன்?”

“பின்ன போச்சே.”

“கையக் கட்டிட்டு உட்காந்திருக்கேன்.”

இத்தனை வருடத்தில் அவர் தொட்டால்தான் வந்திருக்கிறது, தொட்டால்தான் போயிருக்கிறது. அந்த அம்மா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கணவர் அசையவில்லை. பலகையும் அசையவில்லை. கையில் இருந்த போன் மறுபடி வந்துவிட்டதாகச் சொன்னது.

“நீங்களும் சும்மா இருக்கீங்க, அதுவும் சும்மா இருக்கு. அப்ப மேல இருக்கறதுதான் நகருது” என்றார்.

“மேல இருக்கறது எப்படி நகரும்? அது ஒரே எடத்துல நிக்கும்.”

“நிக்கறது அந்த டிவிக்காரன்து. இவன் என்ன சொன்னான்?”

வருதா யோசித்தார். குளிர்பதன அறை நினைவுக்கு வந்தது. தாழ. தாழ என்ன சொன்னான் அந்தப் பையன்? தாழப் பறக்கற. மரத்துக்கும் தொட்டிக்கும் நடுவிலிருந்த தன் துண்டு வானத்தைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமல் அதில் ஒன்று நுழைந்து, கடந்து, போய்க்கொண்டிருந்தது. அடுத்தது இன்னும் ஆலமரத்துக்குப் பின்னால் இருந்தது. சன்னல் வழியாகப் பேருந்தைப் பார்த்துவிட்டு, அது வாசலிலேயே நிற்கிறது என்று இத்தனை நாள் இருந்திருக்கிறார். போனை எடுத்துச் சிவப்புப் படத்தை மறுபடி பார்த்தார். கம்பெனிக்காரன் பயப்படவில்லை.

இறங்கி வந்து, “வானம் முழுசா வேணுமாம்” என்றார். மனைவி தலையை மட்டும் ஆட்டினார்.

வானம் முழுசாக இருந்த இடம் கண்ணெதிரிலேயே இருந்தது: தண்ணீர்த் தொட்டியின் உச்சி. ஆலமரமே அதற்குக் கீழேதான். பலகையின் கம்பி அங்கிருந்து பால் நிலையத்துக்கு எட்டும். ஆனால் தொட்டி ஏணியின் சாவி தண்ணி திறந்துவிடுகிறவர் இடுப்பில் இருந்தது. தண்ணிக்காரர் என்றால் வருதாவுக்குக் கொஞ்சம் இழுபறி.

கேபிள் காலத்தில் ஒரு கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஊரே டிவி முன்னால் இருந்தது. படம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி அடிக்கிறது என்று வருதாவுக்கு மட்டும் பட்டது. கடைசி ஓவரில் கூரை ஏறினார். யார் ஜெயித்தார்கள் என்று ஊர் அடுத்த நாள் பேருந்து வந்த பிறகு தெரிந்துகொண்டது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். தண்ணிக்காரர் சண்டை போடவில்லை, வையவில்லை. அன்றிலிருந்து வருதாவின் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வரும், அவ்வளவுதான்.

வால்வுத் திறப்பு நேரத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாகப் போய் நின்றார்கள். தண்ணிக்காரர் திறப்புக் கம்பியைத் திருகிக்கொண்டே கேட்டார். பறக்கிற செயற்கைக்கோள், பால் நிலையம், நாளைய கூட்டம், பட்டணத்து நாற்காலி வரைக்கும் வருதா சொன்னார். கடைசியில் தண்ணிக்காரர் கம்பியை உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

“சாவி தர்றேன். ஒரு பேச்சு.”

“சொல்லுங்க.”

“வச்சிட்டு எறங்குற. எறங்கின பிறகு தொடக்கூடாது.”

“சரியா வரலேன்னா?”

“வரலேன்னா வா, சாவி தர்றேன். வந்துகிட்டு இருக்கறப்ப கை வைக்கக்கூடாது. நல்லா வருது, இன்னும் நல்லா வரட்டும்னு உனக்கு ஒரு கை அரிக்கும் பாரு, அந்தக் கைக்குச் சாவி கெடையாது.”

வருதா மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தண்ணிக்காரரிடம், “இதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்ண்ணே” என்றார்.

மறுநாள் விடிந்ததும் பலகை தொட்டி உச்சிக்குப் போயிற்று. கூட்டம் பால் நிலையத்துக் கூடத்தில், கேன்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தது. செயலாளர் அம்மா வழக்கமான விஷயங்களை முடித்தார். பிறகு போனைப் பெரிய திரையில் கோர்த்து, கணக்கு அனுப்பினால் போதாது, ஆளைப் பார்த்தே பேசிவிடுவோம் என்று தலைமை அலுவலகத்து அதிகாரியைக் கூப்பிட்டார். இது வருதாவுக்கும் முன்னால் தெரியாது. அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

தலைமை அலுவலகத்தின் முகத்தை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. அது எதையோ மென்றுகொண்டிருந்தது. வளைவில் நின்று பேசியபோதெல்லாம் அந்த அதிகாரி, “கேக்கல, கேக்கல, அப்புறம் பேசறேன்” என்பார். இன்றைக்கு அவருக்கு எல்லாம் கேட்டது. கொழுப்பு அளவு இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக வருவது ஏன் என்று ஒருவர் கேட்டார். அதிகாரி மெல்லுவதை நிறுத்தினார். தீவனம் எப்போது வரும் என்று பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு புள்ளி இல்லை, ஒரு திக்கல் இல்லை. துடைக்கிற துணியில் போட்டிருந்த கோடுவரை தெரிந்தது. பிறகு பழைய கேன்களை மாற்றித் தருவதாகப் போன வருடம் சொன்ன சொல் என்னாயிற்று என்று செயலாளர் அம்மா நிதானமாகக் கேட்டார்.

திரை கறுத்துவிட்டது.

கூடம் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பியது. வருதா சன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தார். கை தானாக ஸ்பேனர் பைக்குப் போயிற்று. ஏணி அடியில் தண்ணிக்காரர் நின்றுகொண்டிருந்தார், சாவி இடுப்பில். இவரைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஒருமுறை அசைத்தார்.

வருதா வாழ்நாளில் முதல்முறையாகக் கீழே நின்றுகொண்டு கேட்டார். “வருதா?”

அவர் மனைவி மூலையில் கம்பி வந்து சேரும் பெட்டிக்குப் பக்கத்தில் தன் போனோடு உட்கார்ந்திருந்தார். நாடி பிடிக்கிற அதே பார்வை. அவசரப்படவில்லை.

“நம்ம பக்கம் வருது. அவருதான் போயிட்டாரு.”

செயலாளர் அம்மா மறுபடி கூப்பிட்டார். மணி அடித்தது, எடுத்தார்கள். அதிகாரி கோணலாகத் தெரிந்தார். “எங்க பக்கம் சிக்னல் சரியில்லீங்க” என்றார்.

“பரவாயில்லீங்க. எங்க பக்கம் நல்லா இருக்கு, நாங்க காத்திருக்கோம்” என்றார் செயலாளர் அம்மா.

புதுக் கேன்கள் வருவதற்கு ஒரு தேதி வாங்காமல் விடவில்லை. பிறகு திரையை அணைத்து, இணைப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று கூட்டத்தைக் கேட்டார். பேச்சு அதைப் பற்றி நடக்கவே இல்லை. தன் வீட்டுக்கு எப்போது கம்பி வரும் என்றுதான் ஆளாளுக்கு வருதாவைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் கூப்பிடாமலே தண்ணிக்காரரும் உள்ளே வந்து, தன் தெருவுக்கு முதலில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருவுக்குத்தான் முதலில் போயிற்று.

அன்று சாயங்காலம், துடைத்து வைத்திருந்த பெரிய பெட்டி பரண் ஏறியது. மருமகனை அவர் வளைவுக்குப் போகாமல், பால் நிலையத்திலிருந்தபடியே முகம் பார்த்துக் கூப்பிட்டார். மருமகனுக்குச் சந்தோஷம்தான், கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. அறைக்கு நல்ல சுண்ணாம்பாம்.

“அதுல டைல்ஸ் அடுக்கிக்கங்க மாப்பிள்ளை. அந்த நாற்காலி சும்மாதானே கெடக்கு?”

“ஆமா மாமா.”

“அனுப்பி வைங்க. உங்க அத்தைக்கு இடுப்பு வலி.”

இப்போது கடையில் அந்த அம்மாதான் நாற்காலியில் இருக்கிறார். யார் வீட்டில் நின்றுவிட்டது, யார் மகன் கம்பியைப் பிடுங்கி வேறு எதையோ சொருகினான் என்பதையெல்லாம் அங்கிருந்தே பார்த்துச் சொல்கிறார். நாற்காலி அவருக்கும் இறங்கத்தான் செய்கிறது. மேசை உயரத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. வளைவில் இப்போது ஆள் இல்லை. ஊருக்குள் எல்லோரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள். யாருக்கு என்ன தகராறு என்று தெரியாமல் போனதில் ஊரில் சிலருக்கு வருத்தம் உண்டு.

தொட்டி ஏறுகிற வேலை வருதாவுக்கு அநேகமாக இல்லை. போன வாரம் ஒரு பறவை பலகைமேல் சுள்ளி அடுக்க ஆரம்பித்திருப்பது கீழிருந்தே தெரிந்தது. கூடு கட்டி முடித்தால் மறைத்துவிடும். அவர் போய்க் கேட்டார். தண்ணிக்காரர் நிமிர்ந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாவியை அவிழ்த்தார், சுள்ளிக்கு மட்டும் என்று சொல்லி.

வருதா ஏறினார். சுள்ளிகளைப் பொறுக்கினார். எச்சத்தைத் துடைத்தார். பலகை ஓரமாக ஒரு திருகாணி, ஒரு மயிரிழைதான், தளர்ந்தது போலத் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே தண்ணிக்காரரும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வருதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைப்பக்கம் பார்த்து, ஊர் கேட்கக் குரல் கொடுத்தார்.

“வருதா?”

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அந்த அம்மா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அது போகவே இல்ல. நீங்க வாங்க.”